முறை பார்த்து எடுத்த கண் அளவு

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் மறதி ஜாஸ்தி.

இட ஒதுக்கீடு கேட்டு இரண்டாவது தடவை போராட்டம் நடந்த சமயம். முதல் தடவை ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டபோது நான் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவைக்குள் இரண்டு கண்ணிலும் புரை வந்துவிட்டது. தூரத்தில் வருவது மாடா மனுஷனா என்று தெரியாது. என் ஓரகத்திதான் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போனாள். மறுநாள் ஆபரேஷன். அதற்கு முன்னால் கண்ணுக்கு நீளம் அளக்க வேண்டும் என்றார்கள். அதை வைத்துத்தான் உள்ளே எந்த லென்ஸ் வைப்பது என்று கணக்குப் போடுவார்களாம்.

அளப்பவர் ஒரு வாலிபர். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்து, பேனா மாதிரி ஒரு கருவியைக் கிட்டே கொண்டுவந்தார். முனையில் சிவப்பு விளக்கு.

"ஆயா, இந்த லைட்டையே நேரா பாருங்க."

விளக்குக்குப் பின்னாலேயே அவர் முகம். எல்லாரும் மாஸ்க் போட்டிருந்த காலம், கண் மட்டும்தான் வெளியே. மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் வேற்று ஆம்பளையின் கண். பார்வை தானாகத் தரைக்குப் போய்விட்டது. ஒரு தடவை இருபத்திரண்டரை மில்லிமீட்டர் வந்தது, அடுத்த தடவை இருபத்து மூன்றரை.

"ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொன்னு வருது. தப்பான அளவுல லென்ஸ் வச்சா பார்வை சரியா வராது ஆயா. இன்னைக்கு வரலன்னா, மறியல்லாம் முடிஞ்சப்புறம் வாங்க."

எனக்கு அழுகை வந்தது. திரும்பிப் போனால் மறுபடி கிளம்பி வர மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

"இரு தம்பி," என்றாள் ஓரகத்தி. "வேத்து ஆளுன்னு கூச்சப்படுது. ஒனக்கு இன்னா ஊரு?"

"கச்சிராயபாளையம்."

"ஆரு வூடு?"

சொன்னார். அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஒங்க பெரியப்பா பொண்ண எங்க பெரிய மாமனார் பேரனுக்குத்தான குடுத்துகீது. அக்கா, இது ஒனக்கு மருமகன் முறை."

போச்சு. எங்கள் பக்கம் மருமகன் வந்தால் மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை மெஷினில் அளவே வரவில்லை.

"நல்லா முறை பாத்தீங்க போங்க," என்றார் அவர். "இருந்த கண்ணையும் மூட வச்சிட்டீங்க."

"சும்மா இரு. ஒங்கம்மாவுக்கு எந்த ஊரு?"

"தியாகதுருகம்."

அது நான் பிறந்த ஊர். அம்மாவைப் பெற்ற தாத்தா பேரை அவர் சொன்னதும் என் வாய் திறந்துகொண்டது.

"அவரு எங்க பெரியப்பா மொவன். ஒங்கம்மாவ நான் இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சிருக்கேன்."

"அப்பறம் இன்னா அக்கா, பேரன்தான?"

"நான் மொதல்லயிருந்து ஆயான்னுதான கூப்புடறேன்," என்றார் அவர்.

முந்தானையை எடுத்தேன். விளக்குக்கு நேர் பின்னால் இருந்த கண்ணில் எங்கள் அண்ணன் ஜாடை இருக்கிறதா என்று தேடினேன். "அப்படியே இருங்க, அப்படியே," என்றார். தொடர்ந்து ஒரே அளவு வந்தது. மறுநாள் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்ததும் எதிர்ச் சுவரில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அளவு இருபத்து மூன்றுக்குக் கொஞ்சம் கம்மி என்று ஞாபகம், கண் டாக்டர்கள் யாராவது சரிதானா என்று பாருங்கள். முறையைத் தியாகதுருகத்துக்காரர்கள் பாருங்கள். அப்பா வழி முறைதான் செல்லும் என்பதாக இருந்தால் மட்டும் கொஞ்ச நாள் கழித்துச் சொல்லுங்கள். இன்னொரு கண்ணுக்கும் அவரிடம்தான் அளவெடுக்கப் போக வேண்டும்.