மூக்கு வாசலுக்கு வந்த நாள்

பங்குனியில் ராஜகீழ்ப்பாக்கத்து வேப்பமரங்கள் பூத்துவிட்டால் என் மூக்குக்குத் திருவிழா. அடுக்கடுக்காகத் தும்மினாலும் பரவாயில்லை. எனக்கு ஒன்று வரும், கொஞ்சம் நிற்கும், அப்புறம்தான் அடுத்தது. அந்த இடைவெளிதான் வினை. யாராவது வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் போட்டால் எங்கள் வீட்டில் போக்குவரத்தே நின்றுவிடும்.

என் கணவர் இரண்டு பட்டம் வாங்கியவர். எதற்கும் காரணம் கேட்பார், தும்மலிடம் மட்டும் கேட்க மாட்டார். உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். பிறகு அதுவும் அலுத்துப்போய், "நீ கொஞ்சம் உள்ள போய் இரேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். மகள் பிளஸ் டூ பரீட்சைக்குக் கிளம்பியபோது நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். பெற்றவளுக்கு வாசலில் இடமில்லை. கோபம் பற்றிக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது.

இந்தப் பங்குனியில் அவளுக்கு மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள் அவளை நான்தான் வழியனுப்புவது என்று முடிவு கட்டிக்கொண்டு, தாம்பரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, அண்ணாந்து, பலமாக உறிஞ்சினேன். மருந்தெல்லாம் தொண்டைக்கு இறங்கிக் கசந்தது. தும்மல் அப்படியே இருந்தது. திரும்பப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"அண்ணாந்து அடிக்காதீங்கம்மா. தலையை லேசா குனிஞ்சு, முனையைக் காது பக்கமா சாய்ச்சு அடிங்க. உறிஞ்ச வேணாம். தும்மல் வந்தப்புறம் தேடாம, சீசன் முடியற வரைக்கும் தினமும் போடுங்க" என்றார் டாக்டர்.

அப்படியே செய்தேன். சில நாளில், பூ கொட்டிக்கொண்டிருந்த வேப்பமரத்தடியிலேயே நின்று கீரைக்காரம்மாவிடம் நிதானமாகப் பேரம் பேசினேன்.

வேலைக்குப் போகும் முதல் நாள் காலை மகள் பையோடு வாசலுக்கு வந்தாள். கணவர் என்னைப் பார்த்தார், உள்ளறையைப் பார்த்தார். நான் அசையவில்லை.

"நல்லபடியா போயிட்டு வாம்மா."

ஒரு தும்மல் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே தெருமுனை திரும்பும்வரை நடு வாசலில் நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்று ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது.

அடுத்த வாரம் கணவருக்குப் பதவி உயர்வுக்கான நேர்காணல். ஷூவை மாட்டிக்கொண்டு படியிலேயே நின்றார்.

"என்னங்க, நேரமாகலையா?"

"இல்ல... நீ கொஞ்சம் எதிர்ல வாயேன்."

"இருங்க, காபி குடிச்சிட்டு வரேன்" என்றேன்.

ஆற அமரக் குடித்தேன். மனுஷன் நின்றார்.