அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நாட்கள்

அம்மாவின் நெஞ்சுக்குள் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மிஷின் ஓடுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருநாள் தன் குழலைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். எண்பதுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயது. தடதடவென்று சத்தம், நடுநடுவே உஸ் என்று காற்று. வாய் பிளந்து நின்றேன். இத்தனை பெரிய மிஷினை உள்ளே வைத்துக்கொண்டு இவள் எப்படிக் களை வெட்டுகிறாள், என்னை எப்படித் தூக்குகிறாள் என்று அவளை அண்ணாந்து பார்த்தேன்.

அம்மாவுக்கு இருதய நோவு. எங்கள் ஊர் திருவக்கரைப் பக்கம். பஸ்ஸுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். மாதாமாதம் வரச்சொல்லிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். சீட்டில் எழுதிய தேதிக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. விடிந்ததும் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வருவாள். வழியில் இறக்காமல் வீடு வந்துவிட்டால் அன்றைக்கு ஆஸ்பத்திரி, இறக்கினால் இல்லை. ஏன் என்று கேட்டால், "சகுனம் பாக்கறேன், போ" என்பாள்.

போகிற நாளில் தலைக்குக் குளித்து, கத்திரிப்பூ நிறச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொள்வாள். "சீக்காளி மாதிரி போனா பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தி குந்த மாட்டா." வழியில் கிடக்கும், மரமே கல்லாகிப்போன கல்மரத்தின்மேல் சற்று உட்கார்ந்து சேலையை நீவிவிட்டுக்கொள்வாள். டாக்டரும் அவளைப் பார்த்ததும், "நல்லாத்தானே இருக்கே" என்று பழைய மாத்திரையையே எழுதித் தருவார்.

மற்ற நாட்களில் கால் வீங்கிப்போகும். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அம்மாவுக்கு நோவே வருவதில்லை. ஆகவே போனால் போதும்.

மல்லாட்டை பிடுங்குகிற சமயம் அது. நாலு நாளாக அம்மா குடத்தைத் தொடவில்லை. உதடு நாவல்பழம் தின்றதுபோல நீலமாக இருந்தது. அப்பா யாரிடமாவது மாட்டுவண்டி கேட்கிறேன் என்று துண்டை உதறினார்.

"வாணாய்யா. கொஞ்சம் தேவலாம் ஆவட்டும், நானே நடந்து போறேன்."

"தேவலாம் ஆயிட்டா ஆஸ்பத்திரி எதுக்கு? டாக்டர் இன்னா உனுக்கு மாமனா, விருந்துக்குப் போவ?"

அம்மாவுக்குத் திட்டக்கூட மூச்சு இல்லை. நான் பெட்டியைத் திறந்து கத்திரிப்பூச் சேலையைக் கொண்டுவந்து அவள்மேல் போர்த்தினேன். வேலியோரம் நின்ற செடியில் கனகாம்பரம் பறித்து அவள் தலையில் செருகினேன்.

"எழுந்திரும்மா. அங்க போனா உனுக்கு சரியாப் பூடும்."

தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "பொண்ணு பூவே வெச்சிட்டா. போய் வண்டி கேளு" என்றாள்.

கல்மரத்தருகே வண்டி நிற்கவில்லை. பஸ்ஸில் யாரோ ஓர் அம்மாள் தானே எழுந்து இடம் கொடுத்து, திண்டிவனம்வரை நின்றபடியே முந்தானையால் அம்மாவுக்கு விசிறிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் குழலை வைத்ததும் அவர் முகம் மாறியது. "இப்படி முடியாம இருக்கறப்ப வராம, நல்லா இருக்கறப்பவே வந்து நின்னியேம்மா?"

"நல்லா இருந்தாத்தான... வர முடியுது சார்."

அவர் பேனாவைத் திறந்து பழைய மாத்திரைச் சீட்டை அடித்தார். பிறகு வார்டில் சேர்க்கச் சொன்னார். ஊசியும் மருந்தும் மாறின. நான்காம் நாள் அம்மா காலை நீட்டி, மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோயிலில் நிற்பதுபோல நின்றேன். நான் சொன்னது பலித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அதன்பிறகு அம்மா ஆறு வருடம் இருந்தாள். நான் அஞ்சாவதோடு நின்று, செங்கல் சூளை, ரோட்டு வேலை என்று ஊர் ஊராகப் போனேன். ஒரு சூளையில் பத்து நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரி மூன்று மைல். காலையில் எழுந்து, ஏனென்று தெரியாமலே குடத்தை எடுத்துப்போய் நிரப்பி இடுப்பில் வைத்து நடந்தேன். பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டேன். அது சகுனம் இல்லை, நடக்கத் தெம்பு இருக்கிறதா என்று பார்ப்பது என்று அங்கேதான் தெரிந்தது.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.