பூனை முகப் புலி

எங்கள் அருங்காட்சியகத்துக்கு ஒரு பழைய ஜப்பானிய ஓவியம் ஆய்வுக்கு வந்தது. உயிருள்ள புலியைக் கண்டேயிராத ஓவியர், சீனப் படங்களைப் பார்த்து வரைந்த புலி அது. முகம் அசல் பூனை. வர்ணங்களைச் சோதிப்பது என் வேலை. வியப்பது கலை வரலாற்றுப் பேராசிரியரின் வேலை.

நுண்ணோக்கியில் ஒரு ரோமம் தெரிந்ததும் அவர் துள்ளினார். சீனத் தூரிகையிலிருந்து உதிர்ந்ததாம், கட்டுரையே எழுதலாமாம். சோதித்தேன். பூனை ரோமம். அவருடைய கம்பளிச் சட்டையெங்கும் அதே ரோமம்தான். சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, ஓவியரும் பூனை வளர்த்திருக்கலாமே என்றார், மேதை.

லண்டனில், எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"உதுக்கோ இவ்வளவு படிச்சனீர்?"

"ஓம். படிக்காட்டி, புலியின்ரை ரோமமெண்டு நான் நம்பியிருப்பன்."