சொட்டு மருந்துக்குக் கரையாத புள்ளி

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் திருச்செங்கோட்டுக்கு வந்து, போர்வெல் ரிக் ஓட்டும் ஜெகதீஸ்வரனின் இடது கண்ணைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

தம்மம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டான். சொட்டுத் தண்ணீர் இல்லை. சாம்பல் நிறப் பாறைப்பொடிதான் பறந்தது. மறுநாள் கண் சிவந்தது. ரிக் வண்டிக்காரர்களுக்குக் கண் சிவந்தால் பொடி விழுந்தது என்றுதான் அர்த்தம். கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஆனால் வலி குறையவில்லை. வெளிச்சம் கூசியது. பார்வையில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. அதற்குப் பிறகுதான் நாமக்கல் கண் டாக்டரிடம் போனான்.

“பொடி இல்லீங்க, கண்ணுக்குள்ளயே அழற்சி. மணிக்கொருதரம் சொட்டு விடணும். சிவப்பு போயிருச்சுன்னு நிறுத்திராதீங்க. நான் சொன்னாத்தான் கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கணும். இல்லாட்டிப் பார்வை போயிரும்.”

“மெட்ராஸ் ஐ மாதிரி ஊட்டுல ஒட்டுங்களா?”

“இது ஒட்டாது.”

சொட்டு நன்றாகவே கேட்டது. வலி போனது. புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. ஒன்று மட்டும் கரையவில்லை.

மற்ற புள்ளிகள் கண் போன பக்கமெல்லாம் கூடவே ஓடும். இது ஓடவில்லை. வீட்டுக்குள் பீரோ பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. வலது கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

சொட்டு விட விட அது தெளிந்தது. முதலில் தோள். பிறகு கூந்தல்... ஒரு பெண். தலை முதல் கால் வரை சாம்பல் நிறப் பொடி.

முகம் மட்டும் இன்னும் கலங்கலாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் அதுவும் தெளிந்துவிடும். ஜெகதீஸ்வரன் யாரிடமும் மூச்சு விடவில்லை. மருந்தைச் சாக்கடையில் கவிழ்த்தான். கண் போனாலும் போகட்டும், அந்த முகம் வேண்டாம்.

கண் போயே போனது. இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவனுக்கோ நிம்மதி. இடது பக்கம் முழுக்க இருட்டு. அவளும் இல்லை.

அன்று மதியம் மனைவி அகல்யா சோறு போட்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

“கூசுதுங்க மாமா. பொடி உழுந்தாப்புல இருக்குது.”

ஒட்டாது என்றாரே டாக்டர்...

அகல்யாவின் கை அப்படியே நின்றது.

“ஏனுங்க மாமா...”

“என்ன?”

“ஒடம்பெல்லாம் போர்ப்பொடியா... உங்க இடது பக்கம் ஒட்டி உக்காந்திருக்கறது யாருங்க?”