கரண்ட் இல்லாத நாளில் வராத கோபம்

தறியின் அந்தக் கறுப்பு சுவிட்ச் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குமாரபாளையத்தில் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் முன்பக்கம் முழுக்க விசைத்தறிகள்தான். மாமா அவளை அடிக்க நினைத்தால் முதலில் வாசல் கதவைச் சாத்துவார். பிறகு நிறுத்தி வைத்திருந்த தறிகளின் சுவிட்சுகளையும் தட்டிவிடுவார். தடதடவென்ற அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் கேட்காது. அதற்கப்புறம்தான் கை நீளும். முகத்தில் அடிக்க மாட்டார், முதுகில்தான். பள்ளிக்கூட லீவுக்கு அங்கே போயிருந்தபோது இதையெல்லாம் கண்ணால் பார்த்தவள் நான்.

இதற்கு ஊர் வைத்த பெயர் கோபம். "தங்கமான மனுசன், கோவம் வந்தா மட்டும் கண்ணு மண்ணு தெரியாது" என்பார்கள். அடேயப்பா, என்ன கோபம்! நெய்த துண்டில் இழை விட்டுப்போயிற்று என்று நூல் கொடுக்கும் முதலாளி மாமாவை நடுத்தெருவில் வைத்து வாய்க்கு வந்தபடி திட்டுவார். "சரிங்க, சரிங்க" என்று கைகட்டி நிற்கும் கோபம் அது. இன்றைக்கும் யாராவது ஒரு பெண்ணிடம் "அவனுக்கு அடக்கத் தெரியாது, நீ பொறுத்துப் போ" என்று சொல்லக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் அக்கா துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளைத் திரும்ப அழைத்துப்போக மாமாவும் அவருடைய பெரியப்பாவும் சொந்தக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. அனுப்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம். பெரியப்பாதான் அக்காவைப் பார்த்து ஆரம்பித்தார்: "கோவக்காரப் பையன், சாமி. அடக்கத் தெரியல. நீதான் அனுசரிச்சுப் போகோணும்."

அக்கா எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அடக்கத் தெரியாதுங்களா? கரண்டு இல்லாத அன்னிக்கு ஒரு நாளாச்சும் என்னைய அடிச்சிருக்காரான்னு கேளுங்க. தறி ஓடலீன்னா சத்தம் வெளிய கேக்குமுங்க. அன்னிக்கெல்லாம் இவருக்குக் கோவமே வராதுங்க."

மாமா விருட்டென்று எழுந்தார். முகம் சிவந்து, விரல்கள் மடங்கின. அக்கா ஓர் அடிகூட நகரவில்லை.

"இப்பக் கோவம் வந்திருச்சு, பாருங்க. அடிக்கச் சொல்லுங்க."

அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை எழவில்லை. மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

அப்பா அப்போதுதான் தலையை நிமிர்த்தி, பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "நல்லாத்தானுங்க அடக்கறாரு. எம்புள்ள இனி வரமாட்டா. நீங்க கெளம்புங்க."