ஐந்தாவது ஹெட்செட்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல, எனக்கே நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில், பட்டப்பகலில். ஆனால் எங்கள் நாடக அரங்கத்துக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே எந்நேரமும் இருட்டுதான்.

எங்களுடையது சம்பளம் இல்லாத நாடகக் குழு. ஒரு சீசனுக்கு நான்கு நாடகம். கதாநாயகன் வாரநாட்களில் பல் டாக்டர். சவுண்ட் பார்ப்பவர் பைக் மெக்கானிக். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள், விடுமுறை நாளில் லைட் போர்டில் உட்கார்ந்து மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவள். என் அண்ணன்தான் மேடை மேனேஜர். திரை ஓரத்தில் நின்றுகொண்டு ஹெட்செட்டில் எங்களுக்கு உத்தரவு கொடுப்பான். முதலில் நாக்கால் 'ட்ச்' என்று ஒரு சத்தம். பிறகு, "பத்து ரெடி." நான் "ரெடி" என்பேன். "போ" என்றதும் பட்டனை அழுத்துவேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவன் குரல் கேட்டால் விரல் தானாகப் போகும், நடுவில் மூளைக்கு வேலையே இல்லை.

லைனில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஹெட்செட்டைக் கழற்றும் முன் "இறங்குறேன்" என்று சொல்லியாக வேண்டும். பாத்ரூம் போனாலும் சரி, பசிக்கிறது என்று பன் வாங்கப் போனாலும் சரி. சொல்லாதவரை ஆள் லைனில் இருப்பதாகத்தான் கணக்கு. ஒருவருக்காக இன்னொருவர் சொல்லவும் முடியாது.

சீசனின் இரண்டாவது நாடகம், கடைசி நாள், இடைவேளை. அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டே பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தான். ஹெட்செட் தலையிலேயே இருந்தது. அப்படியே சாய்ந்துவிட்டான். இறங்குறேன் என்று சொல்லவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அண்ணி அழுதாள். அவர்களுடைய மகள் குட்டி, ஒன்பது வயது, அழுது அழுது வாந்தி எடுத்தாள். நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. எப்போது வலிக்கும் என்று காத்திருந்தேன், வலிக்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவன் சட்டை, செருப்பு, வாட்ச், ஹெட்செட் எல்லாவற்றையும் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணி அதை அவிழ்க்காமல் பீரோ மேல் வைத்துவிட்டாள். ஹெட்செட் குழுவுடையது. அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

சீசனின் மூன்றாவது நாடகம், பாட்டு நாடகம். பாதி ஒத்திகையை அண்ணனே நடத்தியிருந்தான். மேடை நடுவே ஒரு கிணறு. அதாவது தரையில் வெட்டிய சதுரத் துளை, பத்தடி ஆழம், கீழே சிமென்ட் தரை. குட்டி அதன் விளிம்பில் நின்று பாடிக்கொண்டே வாளியை இழுப்பாள். வாளி மேலே வந்ததும், கீழே ஏணியில் நிற்கும் எங்கள் தச்சரும் அவர் தம்பியும் துளைக்குள் தொங்கும் கயிற்றை ஒதுக்கிவிட்டுப் பலகையால் துளையை மூடி இரண்டு தட்டு தட்டுவார்கள். அதன்பிறகுதான் என்னுடைய நாற்பத்தொன்றாவது க்யூ, அதாவது லைட் மாற்றும் உத்தரவு. முழு இருட்டு. இருட்டானதும் குட்டி அந்தப் பலகை மேலேயே ஓடி எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும்.

"பாப்பா, ரெண்டு தட்டு கேக்காம அணைக்காத," என்றான் அண்ணன் ஒத்திகையில் என்னிடம். அவனுக்கு நான் எப்போதும் பாப்பாதான். "நானே சொன்னாலும் அணைக்காத."

"உன் பொண்ணுன்னதும் இவ்வளவு பயமா?"

"எனக்கு என் மேலதான் பயம். மறதிக்காரன்ல," என்று சிரித்தான்.

அவனுக்குப் பிறகு டீச்சர் மேனேஜர் ஆனார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னை "லைட்" என்றுதான் கூப்பிடுவார். மொத்தம் ஐந்து ஹெட்செட்டில், வீணாகக் கிடந்த ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். டீச்சர், நான், சவுண்ட், திரை இழுப்பவர். நான்கு பேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் இடைவேளை முடிந்தபோது மணி நாலு பத்து. நான் அரங்கத்தின் பின்னால், கண்ணாடி போட்ட லைட் ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஹெட்செட்டுகளின் மெயின் பெட்டி. யார் லைனில் இருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு பச்சை விளக்கு எரியும்.

ஐந்து எரிந்தது.

வயர் ஏதோ லூஸ் என்று நினைத்து இரண்டு தட்டு தட்டினேன். அணையவில்லை.

காதில் மூச்சுச் சத்தம். படி ஏறி வந்தவர் மாதிரி... மெதுவாக.

"யாரு லைன்ல?"

"நம்ம நாலு பேருதான். ஏன் லைட்?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல."

நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. பயம் வந்திருக்க வேண்டும். அதற்கும் ஊசி போட்டிருந்தது போல.

நாலு இருபத்தைந்து. குட்டியின் பாட்டு. நீல விளக்கில் தனியாக நின்று பாடினாள். வாளி மேலே வந்தது. அதை ஓரமாக வைத்தாள்.

துளை திறந்தே இருந்தது. வாளியின் கயிறு கீழே எங்கோ சிக்கி விறைத்து நின்றது. பலகை வரவில்லை.

தட்டும் வரவில்லை.

அப்போது என் காதில்...

ட்ச்.

"நாப்பத்தொண்ணு ரெடி, பாப்பா."

அண்ணன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். அத்தனை நாளில் முதல்முறையாக உள்ளே ஏதோ அசைந்தது. "ரெடி" என்றேன். வாய் தானாகச் சொன்னது. லைனில் மற்றவர்கள் யாருக்கும் எதுவும் கேட்ட மாதிரி இல்லை.

"போ."

விரல் பட்டனுக்குப் போய்விட்டது.

தட்டு கேட்கவில்லை.

"போ, பாப்பா."

குட்டி விளிம்பில் நின்று துளைக்குள் எட்டிப் பார்த்தாள். பாட்டில் அப்படி ஒரு இடமே கிடையாது. யாரையோ பார்த்துச் சிரித்தாள்.

நானே சொன்னாலும் அணைக்காத.

என் வலது கை விரலை இடது கையால் பிடித்துக்கொண்டேன். நகம் பதிந்தது. அது கூட வலிக்கவில்லை.

"போ." மூன்றாவது முறை. அவன் எதையும் மூன்று முறை சொன்னதில்லை.

"மாட்டேன் அண்ணா."

காதில் கேட்ட மூச்சு நின்றது.

கயிறு தொய்ந்தது. பலகை வந்தது. டக்... டக்.

"நாப்பத்தொண்ணு, போ," என்றார் டீச்சர்.

அழுத்தினேன். முழு இருட்டு. பலகை மேல் குட்டியின் கால் சத்தம் ஓடியது. மறுபடி வெளிச்சம் போட்டபோது எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். கூட்டம் கைதட்டியது.

நாடகம் முடிந்ததும் வழக்கம்போல் எல்லோரையும் இறக்கிவிட்டார் டீச்சர்.

"சவுண்ட்?"

"இறங்குறேன்."

"திரை?"

"இறங்குறேன்."

"லைட்?"

"இறங்குறேன்."

"நானும் இறங்குறேன்."

நான்கு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஐந்தாவது எரிந்துகொண்டே இருந்தது. நான் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மேடைக்குப் பின்னால் தச்சர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கயிறு அறுத்த தடம் சிவப்பாக இருந்தது.

"என்னாச்சு?"

"தெரியல. கயித்தைக் கீழ இருந்து யாரோ இழுத்துப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. நானும் தம்பியும் சேந்து இழுத்தும் வரல."

"அப்புறம்?"

"அப்புறம் விட்டுருச்சு."

அவர் 'விட்டுட்டாங்க' என்று சொல்லவில்லை.

குட்டி மேக்கப் கலைக்காமல் என்னிடம் ஓடி வந்தாள். கோபமாக இருந்தாள்.

"ஏன் அத்தை லேட்டா அணைச்சீங்க?"

"தட்டு கேக்கலடா."

"அப்பா கீழ நின்னுட்டு இருந்தாரு. ரெண்டு கையையும் நீட்டிட்டு. லைட்டு போனதும் ஓடி வா, புடிச்சுக்கிறேன்னாரு. லைட்டே போகல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்த தடவையாவது சரியா அணைங்க அத்தை. அப்பாவுக்குக் கை வலிக்குதாம்," என்றாள்.

அன்று மாலையே அண்ணி வீட்டுக்குப் போய் பீரோ மேலிருந்த பையை இறக்கினேன். முடிச்சு ஆஸ்பத்திரியில் போட்டது போலவே இருந்தது, பை மேல் தூசி. அண்ணி கத்தரிக்கோல் கொடுத்தாள். சட்டை காய்ந்து மடிந்து கிடந்தது. ஹெட்செட்டை எடுத்தேன். காதில் வைக்கும் பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது, வியர்வையில் நனைந்து.

அண்ணியிடம் எதுவும் சொல்லவில்லை. குட்டிக்குக் காய்ச்சல் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவள் பாட்டை வேறொரு பெண் பாடினாள். நானும் அதன்பிறகு போர்டில் உட்காரவில்லை. சீசன் நல்லபடியாக முடிந்தது, ஐந்தாவது விளக்கு எரியவே இல்லை என்று மெக்கானிக் சொன்னார்.

எரியாது. அவன் தேடும் ஆள் இப்போது அங்கே இல்லை.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. தினமும் அண்ணி வீட்டில் குட்டி பக்கத்தில்தான் படுக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டே அவள் கேட்பாள், "லைட்ட அணைக்கலாம்ல அத்தை?"

நான் அணைப்பதில்லை.