மக்பூல் பாய் கழற்றிய ஹப்

ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஷெட் போட்டிருக்கும் மக்பூல் அகமதுவின் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. மற்ற மெக்கானிக்குகள் கைகழுவிய வண்டிகள்தான் அவரிடம் வரும். தள்ளிக்கொண்டு வருவார்கள், ஓட்டிக்கொண்டு போவார்கள். இதில் அவருக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. வீட்டில் பீவி பேச்செடுத்தால்கூட ஏதாவதொரு எஞ்சினைப் பிழைக்கவைத்த கதையில்தான் கொண்டுபோய் முடிப்பார். அந்தப் பெருமைதான் கடைசியில் அவர் தலையில் மண்ணை வாரிப் போட்டது.

போன ரம்ஜானுக்கு முந்தின நாள் தனகோடியின் வேன் வந்து நின்றது. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன். எஞ்சினின் முன்பக்கம், கிராங்க் ஷாஃப்ட் நுனியில் செருகியிருக்கும் ஹப் ஆடிக்கொண்டிருந்தது. பெல்ட்டைச் சுழலவைப்பதே அந்த இரும்புத் துண்டுதான். அதன் உள்வாய் தேய்ந்துபோயிருந்தது. புதுசுதான் போட வேண்டும், ஆனால் பெருநாளுக்காகக் கடைகளைச் சாத்திவிட்டார்கள். ‘ரெண்டு நாள் கழிச்சு வாங்க’ என்று சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு வாய் வரவில்லை. பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு தகட்டை வெட்டி உள்ளே சுற்றினார். அதன்மேல், ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பசையைத் தடவி ஹப்பை அடித்து இறக்கினார். அறுந்த செருப்பிலிருந்து ஒழுகும் வாளிவரை ஆம்பூரில் எல்லாவற்றுக்கும் அந்தப் பசைதான் வைத்தியம். எஞ்சினுக்கும் அதே வைத்தியம் பார்த்த மகானுபாவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சீக்கிரம் மாற்றிவிட வேண்டும் என்று தனகோடியிடம் சொல்லத்தான் நினைத்தார். “பாய் கை வச்சா போதும், அப்புறம் இன்னா கவல?” என்று தனகோடி சிரித்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். பெருநாள் பிரியாணியோடு அதுவும் மறந்துபோனது.

மழைக்காலத்தில், பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது பெல்ட் அறுந்து எஞ்சின் கொதித்து வேன் நடுரோட்டில் நின்றது. உள்ளே இருந்த பெண்களுக்கு அன்றைய வேலை போயிற்று. தனகோடி போனில் கேட்டார்: “டிரைவர் பாண்டியன் வண்டிய வெரட்டியிருப்பானா பாய்?” மக்பூலுக்கு உடனே பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. ஆனால் வாய் மட்டும், “இருக்கலாம்ணே” என்றது.

‘பாயே சொல்லிட்டாரு’ என்று தனகோடி அன்றைக்கே பாண்டியனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு தனகோடி ஷெட்டுக்கு வந்தபோது பாண்டியனும் பின்னாலேயே பைக்கில் வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கழற்றிப் பார்த்தால் தன் பெயர் மீளாதா என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய சாமானைத் துடைக்காமல் அப்படியே வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். ‘நம்ம தொழில்ல ஒளிவுமறைவு கிடையாது’ என்று பீற்றிக்கொள்வதற்காக மக்பூலே கொண்டுவந்த வழக்கம் அது.

ஹப் அசையவில்லை. நடு போல்ட்டைக் கழற்றிவிட்டு, கவ்வி வெளியே இழுக்கிற புல்லரை மாட்டி இறுக்கினார். புல்லரின் கால்தான் வளைந்தது. டீசல் விட்டு ஊறவைத்தார், சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தார். உள்ளே தகடு மடங்கி, பெல்ட் அறுகிற அளவுக்கு ஹப் கோணி, பசையும் துருவும் சேர்ந்து ஷாஃப்டைக் கவ்விப் பிடித்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா? சூடு காட்டினால்தான் விடும். சூடு காட்டினால் வாசனை வரும்.

“பேஜார் புடிச்ச வேலையா இருக்குது. ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்று அவர்களை அனுப்பிவிட்டு, கேஸ் நெருப்பை ஹப்பின் மேல் காட்டினார். கொஞ்ச நேரத்தில் பசை கருகும் நாற்றம் கிளம்பி மூக்கில் ஏறியது. மறுபடி புல்லரை மாட்டி, அதன் தலையில் ஓங்கி ஓர் அடி போட்டார். பட்டென்ற சத்தத்தோடு ஹப் கையோடு வந்தது. உள்வாயில் தகடு கருகி ஒட்டியிருந்தது. ஷெட் வழக்கத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, மக்பூல் கம்பி பிரஷ்ஷை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். இந்த வயதில் திருடன் மாதிரி தன் ஷெட்டிலேயே குனிந்து உட்கார்ந்திருப்பது அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

“பாய், டீ ஆறிடும்.” பாண்டியன்தான், தம்ளரோடு நின்றான். மூக்கை உறிஞ்சினான். “இன்னா பாய், பசை வாசன அடிக்குது? என் பொண்டாட்டி சங்கீதா ஷூ கம்பெனி வேல முடிஞ்சு வந்தா அவ பொடவையில இதே வாசனதான்.”

“பக்கத்துல எங்கியாவது கொளுத்துவாங்க” என்றார் மக்பூல்.

பாண்டியன் அதையும் நம்பினான். “வந்துடுச்சா பாய்? நல்லதாப் போச்சு. அன்னிக்கு நானும் பாலத்து மேல கொஞ்சம் வேகமாத்தான் போனேன் போல.”

மக்பூலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பிரஷ்ஷை வீசினார். டீ குடித்துவிட்டு வந்த தனகோடியின் கையில் ஹப்பை வைத்தார். தகடு, பசை, எல்லாவற்றையும் காட்டி நடந்ததைச் சொன்னார். பாண்டியன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார்.

தனகோடி ஹப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “வுடுங்க பாய், ஆனைக்கும் அடி சறுக்கும். உங்கள யாரு கேக்கப் போறா?”

“பாண்டியன் வேல?”

“அக்கா பையன் கோபிக்கு வாக்கு குடுத்துட்டேனே. இனிமே மாத்தினா அக்கா மூஞ்சில முழிக்க முடியுமா?”

திட்டியிருந்தால்கூட மக்பூலுக்கு ஆறியிருக்கும். செய்தவனுக்கு மன்னிப்பு, செய்யாதவனுக்குத் தண்டனை. பாண்டியனின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

“வேல எங்கியாவது கெடைக்கும் பாய்” என்றான் பாண்டியன். “வூட்டுக்கு மட்டும் ஒரு வாட்டி வந்து சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா எடுபடாது.”

மக்பூல் ஷட்டரை இழுத்துவிட்டு அவன் பைக்கில் ஏறினார்.

சங்கீதா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். மக்பூலைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“நல்லவேள நீங்களே வந்தீங்க பாய். இவருக்கு ஒறைக்கிற மாதிரி நாலு வார்த்த சொல்லுங்க. உன் வீட்டுக்காரராலதான் எங்க ஒரு நாள் வேல போச்சுன்னு வேன் பொம்பளைங்க மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க. நீங்க சொன்னாதான் கேப்பாரு.”

மக்பூல் உட்காரவில்லை.

“வண்டியக் கெடுத்தது நான்மா” என்றார். “தெரிஞ்சே இவன் மேல போட்டுட்டேன்.”

சங்கீதா புருஷன் பக்கம் திரும்பினாள்.

“நான் அத்தினி பேச்சு பேசினேனே, நீ ஏன் வாயே தொறக்கல?”

பாண்டியன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”